அழுத்தம் வேறு, நீர் வேறு

தோண்டப்படும் கிணறுகளில் பெரும்பாலானவற்றில் நீர் எந்த ஆழத்தில் தட்டுப்படுகிறதோ ஏறத்தாழ அந்த ஆழத்திலேயே நிற்கிறது. மழைக்காலத்தில் சற்று உயர்கிறது, கோடையில் இறங்குகிறது, மேலே கொண்டுவர ஏற்றமோ பம்போ தேவைப்படுகிறது. சில இடங்களில் மட்டும் இதற்கு மாறான நிகழ்வு ஒன்றைக் காணலாம். துளைக்கருவி கெட்டியான களிமண் அடுக்கு ஒன்றை ஊடுருவிச் சென்று அதன் அடியிலுள்ள மணற்பாறையைத் தொட்டவுடன், அதுவரை நீரைக் காட்டாதிருந்த துளைக்குள் நீர் விரைந்து மேலேறி, களிமண்ணின் அடிமட்டத்தைவிடப் பல பத்து மீட்டர் உயரத்தில் நிலைகொள்கிறது. இன்னும் சில இடங்களில் தரைமட்டத்தையும் கடந்து, இரவும் பகலும் தானாகவே வெளியே பாய்கிறது. பிரான்சின் வடபகுதியிலுள்ள ஆர்த்துவா மாகாணத்தில் இத்தகைய கிணறுகள் இடைக்காலத்திலிருந்தே அறியப்பட்டிருந்ததால், அம்மாகாணத்தின் பெயரே ஆர்ட்டீசியன் என்னும் சொல்லாக உலகெங்கும் பரவியது. தமிழில் இவற்றை ஆர்ட்டீசியன் ஊற்று என்றும் பொங்கு கிணறு என்றும் வழங்குகின்றனர்.

பிரெஞ்சுக்காரரின் இந்தத் துளையிடும் கலை அவர்களோடு புதுச்சேரிக்கும் வந்தது. 1870களில் அங்கே துளைக்கப்பட்ட கிணறுகளில் நீர் தானாகவே பொங்கியதை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங், அதே வசதி சென்னை நகரத்துக்கும் கிட்டுமா என்னும் கேள்வியை 1880இல் வெளியான தம் கட்டுரையில் எழுப்பினார். புதுச்சேரிக்கு அடியில் உள்ள கடலூர் மணற்பாறைத் தொகுதி என்னும் அதே படிவு தெற்கே நெய்வேலி வரை நீண்டு, அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஒரு நூற்றாண்டுக்குள் மிகப் பெரிய பொறியியல் சிக்கலாக உருவெடுத்தது. அச்சிக்கலைப் புரிந்துகொள்ள, பூமிக்கடியில் அழுத்தம் எங்கிருந்து பிறக்கிறது, நீர் எவ்வாறு நகர்கிறது என்னும் இரண்டு கேள்விகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்; ஏனெனில் பொங்கு கிணறுகள் பற்றிய தவறான எண்ணங்கள் பெரும்பாலும் அழுத்தத்தையும் நீரையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே தோன்றுகின்றன.

நீரைத் தேக்கி வைத்து, கிணற்றுக்குத் தேவையான அளவில் விட்டுக்கொடுக்கவும் கூடிய பாறை அல்லது மணல் அடுக்கை நீர்த்தாங்கி என்பர். இதில் நீரைத் தேக்குவது ஒரு பண்பு, விட்டுக்கொடுப்பது வேறொரு பண்பு. களிமண்ணில் நீர் இல்லை என்று பலரும் எண்ணுவதுண்டு. உண்மையில் களிமண்ணின் கன அளவில் பாதி வரைகூட நீர் நிறைந்த இடைவெளியாக இருக்க முடியும், மணலிலோ அது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். ஆனால் களிமண்ணின் இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியாத நுண்மை உடையவை என்பதால் அவற்றின் வழியே நீர் நகர்வது மணலில் நகர்வதைவிடப் பல ஆயிரம், சில வேளை பல லட்சம் மடங்கு மெதுவாக நிகழ்கிறது. நீரைக் கடத்தும் இத்திறனுக்கு ஊடுருவுதிறன் என்று பெயர். ஊடுருவுதிறன் மிக்க மணற்பாறை ஒன்றின் மேலும் கீழும் ஊடுருவுதிறன் குறைந்த களிமண் படிந்திருந்தால், அந்த மணற்பாறை அடைபட்ட நீர்த்தாங்கி ஆகிறது.

அடைபட்டிருப்பது மட்டும் போதாது. அமெரிக்க நிலவியலாளர் டி. சி. சேம்பர்லின் 1885இல் எழுதிய ஆய்வறிக்கை பொங்கு கிணற்றுக்கு வேண்டிய நிபந்தனைகளை முதன்முறையாக முழுமையாகத் தொகுத்தது: நீர்கடத்தும் அடுக்கு ஒருபுறமாகச் சாய்ந்திருக்க வேண்டும்; அதன் உயர்ந்த விளிம்பு எங்கேனும் தரையில் தலைகாட்டி மழைநீரைக் குடிக்க வேண்டும்; அவ்விளிம்பு கிணறு துளைக்கப்படும் இடத்தைவிட உயரமாக இருக்க வேண்டும்; நீர் வழியிலேயே எளிதாகத் தப்பிச்செல்ல இடம் இருக்கக் கூடாது. ஊரின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் நீர் தெருமட்டத்துக்கு மேல் எழும்புவதும் இதே காரணத்தால்தான். ஆனால் இந்த ஒப்புமை ஓர் எல்லைவரைதான் செல்லும். மணற்பாறையின் வழியே வரும் நீர் கோடிக்கணக்கான நுண் இடுக்குகளில் உராய்ந்து உராய்ந்து நகர்வதால், தன் அழுத்தத்தில் ஒரு பகுதியை வழிநெடுகச் செலவழித்துக்கொண்டே வருகிறது. எனவே உயர்ந்த விளிம்பிலுள்ள நீர்மட்டத்தின் அளவுக்கு வேறெங்கும் நீர் உயர்வதில்லை.

அடைபட்ட நீர்த்தாங்கி ஒன்றின்மீது பரவலாகப் பல துளைகளை இட்டு, ஒவ்வொன்றிலும் நீர் எவ்வளவு உயரத்துக்கு ஏறி நிற்கிறது என்று அளந்து, அந்தப் புள்ளிகளை எல்லாம் இணைத்தால் ஒரு கற்பனைப் பரப்பு கிடைக்கும். அதுவே அழுத்தமட்டம். இந்தப் பரப்பில் நீர் இருப்பதில்லை. அங்கே இருப்பது களிமண்ணாக, வயலாக, அல்லது தரைக்கு மேலுள்ள வெறுங்காற்றாகக்கூட இருக்கலாம். துளையிட்டால் நீர் எதுவரை வரும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அழுத்தமட்டம் தரைக்கு மேல் இருக்கும் தாழ்நிலங்களில் கிணறு பொங்கி வழியும்; மேட்டு நிலத்தில் அதே நீர்த்தாங்கியைத் தொடும் கிணறு பொங்காமல் பாதி வழியில் நின்றுவிடும். இரண்டும் ஆர்ட்டீசியன் கிணறுகளே. பொங்குவதும் பொங்காததும் தரையின் மேடுபள்ளத்தைப் பொறுத்தவை. அடியிலுள்ள இயற்பியல் ஒன்றுதான்.

அழுத்தமட்டம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் நீர் நகர்கிறது. எவ்வளவு வேகமாக என்பதற்கான விதியைக் கண்டறிந்தவர் பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர்த் திட்டம் அமைத்த பொறியாளர் ஹென்றி தார்சி. நிமிர்ந்து நிற்கும் இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே நீரைச் செலுத்தி, மேற்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை மாற்றி மாற்றி அவர் அளந்தார். 1856இல் வெளியான, அந்நகரத்தின் குடிநீர் அமைப்பு பற்றிய பெருநூலின் பிற்சேர்க்கை ஒன்றில் முடிவு இடம்பெற்றது: மணலின் வழியே செல்லும் நீரின் அளவு, அழுத்த உயர வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும், நீர் கடக்க வேண்டிய தொலைவுக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது, அந்த விகிதத்தை நிர்ணயிக்கும் எண் மணலின் ஊடுருவுதிறன். நிலத்தடி நீரியல் முழுவதும் இந்த ஒற்றை விதியின் மேல் எழுந்து நிற்கிறது என்றால் அது மிகையாகாது.

இவ்விதியைக் கொண்டு ஓர் எளிய கணக்கைப் போடலாம். நாளொன்றுக்கு 10 மீட்டர் ஊடுருவுதிறன் உள்ள நல்ல மணற்பாறையில், அழுத்தமட்டம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரிகிறது என்றும், மணலின் இடைவெளி கன அளவில் கால் பங்கு என்றும் கொண்டால், நீர்த்துளி ஒன்று நாளொன்றுக்கு 4 சென்டிமீட்டர், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 15 மீட்டர் நகரும். 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேட்டு நிலத்தில் பெய்த மழை கிணற்றுக்கு வந்துசேர 2,000 ஆண்டுகள் ஆகும். இது வெறும் தாள் கணக்கு அன்று. கடலூர் மணற்பாறை நீர்த்தாங்கியின் ஆழ்நீரில் கரைந்துள்ள கதிரியக்கக் கார்பனை அளந்த ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள், கடைசிப் பனியூழிக் காலத்தில் பெய்த மழையின் அடையாளத்தைக்கூட அதில் கண்டு, தென்னிந்தியாவின் முப்பதாயிரம் ஆண்டுக் காலநிலை மாற்றங்களை அந்நீரிலிருந்தே படித்தறிந்தனர். கடற்கரையோரம் ஆழ்குழாயில் இன்று ஏறி வரும் நீர், மனிதர்கள் வேளாண்மையே அறியாத காலத்தில் மேற்கே மண்ணில் இறங்கியதாக இருக்கலாம்.

நீர் இவ்வளவு மெதுவாக நகரும்போது அழுத்தம் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதற்குப் பாரிஸ் நகரம் சான்று தருகிறது. கிரெனெல் பகுதியில் முலோ என்னும் துளையிடும் வல்லுநர் 1833இல் தொடங்கி, இடையில் உடைந்து விழுந்த கருவிகளை மாதக்கணக்கில் மீட்டெடுத்து, நகராட்சியின் பொறுமை தீரும் நிலையிலும் இயற்பியலாளர் அராகோவின் ஆதரவால் பணியைத் தொடர்ந்து, 1841 பிப்ரவரியில் 548 மீட்டர் ஆழத்தில் பொங்கு நீரை எட்டினார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1861இல், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாசியில் அதே நீர்த்தாங்கியைத் தொடும் இரண்டாவது கிணறு திறக்கப்பட்டது. கிரெனெல் கிணற்றின் பாய்ச்சல் அடுத்த சில நாட்களுக்குள்ளேயே குறையத் தொடங்கியது. நீர்த்துளி ஒன்று அந்த மூன்று கிலோமீட்டரைக் கடக்க நூற்றாண்டுகள் ஆகும். செய்தியோ சில நாட்களில் சென்றுவிட்டது. அதாவது, பாசிக் கிணறு கிரெனெலின் நீரை எடுத்துக்கொள்ளவில்லை, அதன் அழுத்தத்தை எடுத்துக்கொண்டது.

இந்த அழுத்தம் எங்கே சேமிக்கப்பட்டிருந்தது என்பதை அறிவியல் உலகம் புரிந்துகொள்ள மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. உயர்ந்த விளிம்பிலுள்ள நீரின் எடை மட்டுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்துக்குப் பொருந்தாத நிகழ்வு ஒன்றை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எஃப். எச். கிங் என்னும் மண்ணியலாளர் 1892இல் பதிவு செய்தார். ரயில் பாதை அருகிலிருந்த கிணறு ஒன்றில் தானே எழுதும் அளவுகோலைப் பொருத்தியிருந்தபோது, கனமான சரக்கு ரயில் நெருங்கும் ஒவ்வொரு முறையும் கிணற்றின் நீர்மட்டம் சற்று உயர்ந்து, ரயில் கடந்ததும் மீண்டும் இறங்கியது. எந்த நீரும் சேர்க்கப்படவில்லை; மேலே ஏறிய எடை மட்டுமே கூடியது. கடலோரக் கிணறுகளில் கடல்மட்டம் ஏறும்போது அடைபட்ட நீரும் ஏறுவதும், காற்றழுத்தம் கூடும்போது திறந்த கிணற்றின் நீர்மட்டம் சற்று இறங்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நிகழ்வுகள்.

விளக்கம் இதுதான். ஆழத்திலுள்ள மணற்பாறை தனக்கு மேலுள்ள அத்தனை மண்ணையும் பாறையையும் சுமக்கிறது. அச்சுமையில் ஒரு பகுதியை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மணற்பருக்கைகள் தாங்குகின்றன. மீதியை இடைவெளியில் அடைபட்டிருக்கும் நீர் தன் அழுத்தத்தால் தாங்குகிறது. இந்தப் பங்கீட்டைக் கார்ல் தெர்சாகி 1920களில் மண்பொறியியலின் அடிப்படை விதியாக நிறுவினார். நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால், மேலிருந்து வரும் சுமை மாறாததால் பருக்கைகள் கூடுதல் பங்கை ஏற்று, நுண்ணிய அளவில் நெருங்குகின்றன. அதே வேளையில் அழுத்தம் தளர்ந்த நீரும் நுண்ணிய அளவில் விரிகிறது. இவ்விரண்டும் சேர்ந்து பிதுக்கித் தள்ளும் நீர்தான் பொங்கு கிணற்றின் முதற்காலப் பாய்ச்சல். வட அமெரிக்காவின் டகோட்டா மணற்பாறையிலிருந்து, அதன் மேற்கு விளிம்பில் ஊறும் நீரால் விளக்க முடியாத அளவு நீர் பல பத்தாண்டுகளாகப் பாய்ந்துகொண்டிருந்ததை ஆராய்ந்த ஓ. ஈ. மெயின்சர், அந்த உபரி நீர் பாறை சுருங்கியதால் வந்ததே என்று 1928இல் எழுதினார். டகோட்டாவின் சிற்றூர்களில் ஒருகாலத்தில் மாவு ஆலைகளையே சுழற்றிய அந்தப் பாய்ச்சல், ஊறும் நீரால் ஈடுசெய்யப்படாத சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்ட செலவாக இருந்தது.

எண்களில் பார்த்தால் இந்தச் சேமிப்பு எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில், மேலே மூடியில்லாத சாதாரண நீர்த்தாங்கியின் நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், மணலிலிருந்து நீர் உண்மையாகவே வடிவதால், 1,50,000 கன மீட்டர் நீர் கிடைக்கக்கூடும். அதே பரப்பில் அடைபட்ட நீர்த்தாங்கியின் அழுத்தமட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 200 அல்லது 300 கன மீட்டர். மணல் அப்போதும் முழுவதும் நீரால் நிறைந்தே இருக்கும். இதன் பொருள் இருவகைப்பட்டது. அடைபட்ட நீர்த்தாங்கியில் அழுத்தத்தைக் குறைப்பது மிக எளிது. அதைப் பரந்த நிலப்பரப்பு முழுவதும் இழப்பதும் அதே அளவுக்கு எளிது.

நெய்வேலி முதல் பொருளை நம்பித் தொடங்கிய ஊர். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலவுடைமையாளர் தம் நிலத்தில் கிணறு துளைத்தபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்ததும், பின்னர் நடந்த துளை ஆய்வுகள் அங்கே பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பதை உறுதி செய்ததும் பலரும் அறிந்த வரலாறு. அதிகம் பேசப்படாதது, அக்கரியை எடுக்க முடியுமா என்னும் ஐயம். நிலக்கரிப் படலத்துக்கு மேலே 50 முதல் 100 மீட்டர் வரையான மண்ணும் மணற்பாறையும் உள்ளன; கீழே அடைபட்ட நீர்த்தாங்கி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தது. பத்து மீட்டர் உயர நீர்த்தூண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அழுத்தத்தைத் தரும் என்பதால், இது 60 முதல் 80 மீட்டர் உயரம் நீரைத் தள்ளக்கூடிய விசை.

சுரங்கம் தோண்டாத நிலையில் இந்த அழுத்தம் யாருக்கும் தெரியாது. 80 மீட்டர் மேல்மண், தண்ணீரைப் போல இரு மடங்கு அடர்த்தி உடையது என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோகிராம் அளவுக்குக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அதனோடு 15 மீட்டர் கரிப் படலத்தின் எடையும் சேர்கிறது. மேல்நோக்கிய 6 அல்லது 8 கிலோகிராம் அதன் முன் தோற்றுப்போகிறது. ஆனால் சக்கர வாளி எந்திரங்கள் மேல்மண்ணை முழுவதும் அகற்றிக் கரியைத் திறந்துவைத்த பின், எஞ்சியிருப்பது கரிப் படலத்தின் எடை மட்டுமே. கரி நீரைவிடச் சற்றே அடர்த்தி மிகுந்தது. ஆகவே 15 மீட்டர் கரி தரும் எதிர்ப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராமைக்கூட எட்டாது. அடியிலுள்ள அழுத்தம் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. இந்நிலையில் சுரங்கத்தின் தளம் மேல்நோக்கிப் புடைத்து, வெடித்து, மணலும் நீரும் எந்திரங்களையும் மனிதர்களையும் மூழ்கடிக்கும். மேல்மண்ணை வெட்டுவதற்கு முன்பே அழுத்தத்தை இறக்கியாக வேண்டும் என்பதும், சுரங்கம் இயங்கும் நாள்வரை அதை இறங்கிய நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதும் இக்கணக்கின் முடிவு.

1950களில் நடத்தப்பட்ட பெரும் இறைப்புச் சோதனைகள் இது இயலும் என்று காட்டிய பிறகே திட்டம் உறுதிபெற்றது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி வெளிப்பட்டது. சுரங்கத்தைச் சூழ்ந்தும் அதன் வெட்டுமுகத்துக்கு முன்னாலும் கரிப் படலத்தைத் துளைத்து இறக்கப்பட்ட ஆழ்குழாய்க் கிணறுகளின் பம்புகள் அன்றுமுதல் இரவுபகலாக ஓடுகின்றன. சிறிய சேமிப்பு என்னும் பண்பு இங்கே துணைநின்றது. 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் அழுத்தமட்டத்தை 50 மீட்டர் இறக்க, முன்பு சொன்ன கணக்கின்படி, பத்து முதல் பதினைந்து லட்சம் கன மீட்டர் நீரை அகற்றினால் போதும். அந்த நீர்த்தாங்கி மூடியற்றதாக இருந்திருந்தால் அதே வேலைக்கு 75 கோடி கன மீட்டர் நீரை அகற்ற வேண்டியிருந்திருக்கும், சுரங்கமே நடந்திராது. ஆனால் அதே பண்புக்கு மறுபக்கமும் உண்டு. அழுத்தம் இறங்கியவுடன், சுற்றிலும் உயர்ந்திருக்கும் அழுத்தமட்டத்திலிருந்து நீர் தார்சியின் விதிப்படி அப்பள்ளத்தை நோக்கி ஓயாமல் வருகிறது. பம்புகள் நின்றால் அழுத்தம் இறங்கிய அதே வேகத்தில் ஏறிவிடும். எனவே வந்துகொண்டிருக்கும் நீர் முழுவதையும் இறைத்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு டன் கரிக்குப் பல டன் நீர் வெளியேற்றப்படுகிறது. அந்நீர் அனல்மின் நிலையங்களுக்கும், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் வழியே வயல்களுக்கும் செல்வது உண்மை. அது வீணாகவில்லை என்பதால் அழுத்தம் இழக்கப்படவில்லை என்று கூற முடியாது. சுரங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் முன்பு தானாகப் பொங்கிய கிணறுகள் நின்றுபோனதும், மோட்டார்கள் மேலும் மேலும் ஆழத்துக்கு இறக்கப்பட்டதும் இந்தப் பள்ளத்தின் நேரடி விளைவுகள். அங்கு இறைப்பு சுரங்கத்தில் மட்டும் நடக்கவில்லை, கரும்புக்கும் நெல்லுக்குமாகப் பாசன இறைப்பும் அதே நீர்த்தாங்கியில்தான் நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெய்வேலியில் அழுத்தத்தை இறக்க ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாமல் அழுத்தத்தைக் கரைத்த வரலாறு ஆஸ்திரேலியாவுக்கு உரியது. அக்கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர், பேரார்ட்டீசியன் படுகை எனப்படும் அடைபட்ட நீர்த்தாங்கிகளின் தொகுதிக்கு மேலே கிடக்கிறது. கிழக்கே மலைத்தொடரை ஒட்டிய மணற்பாறைகளில் இறங்கும் மழைநீர் ஆண்டுக்குச் சில மீட்டர் வீதம் மேற்கே நகர்கிறது. படுகையின் மறுகோடியிலுள்ள நீரின் வயது பத்து லட்சம் ஆண்டுகளையும் தாண்டுவதாகக் கதிரியக்கக் குளோரின் அளவீடுகள் சொல்கின்றன. 1878இல் நியூ சவுத் வேல்ஸின் பர்க் அருகே முதல் பொங்கு கிணறு அமைந்தபின், வறண்ட மேய்ச்சல் நிலங்களில் நூற்றுக்கணக்கான துளைகள் இடப்பட்டன. கொதிநிலையை நெருங்கும் சூட்டோடு பீறிட்ட நீரை மூட ஒரு வால்வுகூட இல்லாமல், திறந்த மண் வாய்க்கால்களில் பல கிலோமீட்டர் தூரம் ஓடவிட்டனர். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆவியாகவும் கசிவாகவும் போனது, ஆடுகள் குடித்தது எஞ்சிய சிறு பங்கைத்தான்.

இந்நீர் மழையால் வருவதன்று, பூமியின் உட்புறத்துப் பாறைக் குழம்பிலிருந்து புதிதாகப் பிறப்பது என்று புகழ்பெற்ற நிலவியலாளர் ஜே. டபிள்யூ. கிரெகரி வாதிட்டார். அவர் கூற்று தவறென்று பின்னர் நிறுவப்பட்டது. ஆயினும், பாய்ச்சல் குறைந்துகொண்டே வருவதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டவர்களுள் அவரும் ஒருவர் என்பது கருதத்தக்கது. 1910களில் உச்சம் தொட்ட பாய்ச்சல் அதன்பின் இறங்குமுகமானது. பல இடங்களில் அழுத்தமட்டம் பல பத்து மீட்டர் சரிந்தது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கிணறுகள் பொங்குவதை நிறுத்தின, பாலைவனத்தில் அந்நீரையே நம்பி வேறெங்கும் இல்லாத மீன்களையும் நத்தைகளையும் வளர்த்த மேட்டு ஊற்றுகளில் பல வற்றின. படுகையிலிருந்த மொத்த நீரில் இழக்கப்பட்டது மிகச் சிறிய பங்கு. நீர் தீரவில்லை, அதைத் தரைக்கு உயர்த்திய விசை தீர்ந்தது. 1999 முதல் ஆஸ்திரேலிய அரசுகள் ஒன்றிணைந்து நூற்றுக்கணக்கான கிணறுகளுக்கு வால்வு பொருத்தியும், திறந்த வாய்க்கால்களுக்குப் பதிலாகக் குழாய்களை இட்டும் வந்ததன் பயனாகச் சில பகுதிகளில் அழுத்தம் மீண்டும் ஏறத் தொடங்கியுள்ளது. நின்றுபோன ஊற்றுகள் சில மீண்டும் ஓடுகின்றன. மணற்பாறையின் சுருக்கம் பெருமளவு மீளக்கூடியது என்பதே இந்த மீட்சிக்குக் காரணம்.

களிமண்ணின் சுருக்கம் அவ்வாறு மீள்வதில்லை. மணலுக்கு இடையே தடித்த களிமண் படலங்கள் உள்ள நீர்த்தாங்கிகளில் அழுத்தம் இறங்கும்போது, களிமண்ணின் தட்டையான நுண்துகள்கள் புதிய வரிசையில் படிந்து இறுகிவிடுகின்றன. பின்னர் அழுத்தம் முழுவதும் திரும்பினாலும் அவை பழைய நிலைக்கு வருவதில்லை, இழந்த கொள்ளளவும் திரும்புவதில்லை. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் பாசன இறைப்பால் 1925க்கும் 1977க்கும் இடையே ஓரிடத்தில் தரை ஏறத்தாழ 9 மீட்டர் தாழ்ந்தது. ஜோசப் போலண்ட் என்னும் நீரியலாளர் மின்கம்பம் ஒன்றின் அருகே நின்று, 1925இல் தரை இருந்த உயரத்தைத் தம் தலைக்கு வெகு மேலே கம்பத்தில் குறித்துக் காட்டிய ஒளிப்படம் நிலத்தடி நீரியல் நூல்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது.

கடற்கரையோரத்தில் அழுத்தத்துக்கு இன்னொரு பணியும் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்தது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் அழுத்த உயரம் இருந்தால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரைத் தடுத்து நிறுத்த முடியும். கடலூரிலும் புதுச்சேரியிலும் மணற்பாறை கிழக்கே சாய்ந்து கடலுக்கு அடியிலும் தொடர்கிறது. அங்கே அழுத்தமட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே சென்ற இடங்களில், மெதுவாகவே என்றாலும், நீரின் திசை தலைகீழாகிறது. ஒரு முறை உப்பேறிய மணற்பாறையை, ஆண்டுக்குச் சில மீட்டர் நகரும் நன்னீரால் கழுவி முடிக்கத் தலைமுறைகள் தேவைப்படும்.

இவ்வளவும் சேர்ந்து காட்டும் நடைமுறைப் பணிகள் தெளிவானவை. பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் முந்திரித் தோப்புகள் நிற்கும் செம்மண் மேடுகளில்தான் கடலூர் மணற்பாறை மழையைக் குடிக்கிறது. அம்மேடுகளைக் கட்டடங்களாலும் தார்ச்சாலைகளாலும் மூடாமல், அங்குள்ள ஏரிகளைத் தூர்வாரி வைப்பது பல பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலோர ஊர்களின் நீரைக் காப்பதாகும். தானாகப் பொங்கும் கிணறு எங்கு எஞ்சியிருந்தாலும் அதற்கு வால்வு பொருத்தித் தேவைக்கு மட்டும் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் கிடைக்கிறதா என்பதை மட்டும் பார்க்காமல், அழுத்தமட்டம் எங்கே நிற்கிறது என்பதை அளக்க வேண்டும்; ஏனெனில் அடைபட்ட நீர்த்தாங்கியில் நீர் குறைவதற்கு வெகு காலம் முன்பே அழுத்தம் குறைந்துவிடுகிறது, குழாயில் நீர் வந்துகொண்டிருக்கும்வரை அதை யாரும் உணர்வதில்லை. அளவீட்டுக் கிணறுகளில் பதிவாகும் அழுத்தமட்டக் கணக்கு, அணைகளின் நீர்மட்டம் நாளிதழில் வருவதைப் போலவே, மாதந்தோறும் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் உழவர்கள் படிக்கும்படி ஒட்டப்பட வேண்டும்.